முன்கூட்டிய ஸ்தோத்திரம்

இன்னும் ஒற்றை டிக்தான். மடியில் விரித்து வைத்திருக்கும் பைபிளுக்கு அடியில் போனைச் சாய்த்து இது ஏழாவது தடவையாகப் பார்க்கிறேன். ‘சித்தி, பெனிட்டாவுக்கு மாத்திரையை நிறுத்தாதீங்க, இப்பவே கொடுங்க’ என்று கோயில் வாசலில் நின்றுகொண்டே அடித்து அனுப்பி முக்கால் மணி நேரமாகிறது. என் போனை விட்டுக் கிளம்பிவிட்டது, ரூபி சித்தியின் போனுக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கேயோ கடலுக்கு மேலே நிற்கிறது. நேராகவே ரெண்டு தடவை கூப்பிட்டும் பார்த்தேன். தாங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். கல்லூரியிலிருந்து மிஷன் ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு வந்து, ஐந்து மாதமாக இந்த மலாவி நாட்டில் வீட்டார் குரல் தவிர வேறொரு தமிழ்க் குரல் கேட்காதா என்று ஏங்கியிருக்கிறேன், கடைசி நாளில் கேட்டது இதுதான். கோயிலுக்குள் நுழையும்போது போனை நிஜமாகவே அணைத்துவிடுகிற ஒரே ஆள் எங்கள் சபைச் சேகரத்தில் ரூபி சித்திதான். அங்கே இப்போது மணி ரெண்டு இருபது. இன்றைக்கு ஸ்தோத்திரப் பண்டிகை, ஆராதனை முடிந்து சபைச் சாப்பாட்டுக்கு அசனப் பந்தலுக்கு வந்திருப்பார்கள், போனைத் திறந்திருக்கலாமே, ஏன் திறக்கவில்லை, திறக்க முடியாதபடி என்ன நடந்திருக்கும், பெனிட்டா எங்கே, யார் மடியில் இருக்கிறாள், விழுந்தால் தலைக்குக் கீழே என்ன இருக்கும், சிமெண்டுத் தரையா பாயா. இங்கே பிரசங்க பீடத்துக்கு மேலே மாட்டியிருக்கும் கடிகாரத்தில் பத்து ஐம்பது. பதினொரு மணிக்கு எங்கள் ஊர் வீடியோவில் வரும். எனக்கும் லல்ரினுக்கும் இந்தச் சபை பிரிவு உபசார ஆராதனை நடத்துகிறது. மிசோரம் பெண் லல்ரின் என் பக்கத்தில் முழங்காலை ஆட்டிக்கொண்டு தான் பேசப்போவதை முணுமுணுத்துப் பார்க்கிறாள். அவள் முதலில், அடுத்து நான். என் முறை வரும்போது அங்கே அசனப் பந்தலில் வெள்ளை வேட்டி கட்டித் திரை போட்டு முந்நூறு பேர் என்னைப் பார்ப்பார்கள், என்னை மட்டுமல்ல, தியாமிகே என்கிற நாலு வயதுப் பிள்ளையையும் பார்க்க வேண்டும் என்று காத்திருப்பார்கள். ‘அந்தப் பிள்ளையையும் தாயையும் பக்கத்துல நிறுத்திக் காட்டும்மா, சபைக்கு விசுவாசம் பெருகும்’ என்று ஊரில் எங்கள் சபைப் போதகரான ஐயர் எழுதியிருந்தார். சரி ஐயா என்று பதில் போட்டேன். தியாமிகேயை அடக்கம் பண்ணி ஏழு வாரம் ஆகிறது.

சரி ஐயா. இந்தக் கைதான் அதை அடித்தது. சித்தியின் குரல் காதிலேயே நிற்கிறது. காலையில் ஆறரைக்கே அனுப்பியிருக்கிறாள், பெட்டி கட்டும் அவசரத்தில் பார்க்காமல் விட்டு, கோயில் படியேறும்போதுதான் கேட்டேன். ‘ஏ ஜெர்லினு, நல்லா இருக்கியாட்டி? நாளைக்கழிச்சு வந்துருவேல்லா. ஒன்னு சொல்லணும் பிள்ளே, உங்க அம்மைகிட்ட கூடச் சொல்லல. பெனிட்டாவுக்கு மாத்திரைய நிறுத்திட்டேன். இன்னையோட பதினோரு நாளு. ஒரு தடவ கூட வரல பாத்துக்கோ. உன் கடிதத்த பைபிளுக்குள்ளயே வச்சிருக்கேன், தெனம் அதத் தொட்டுத்தான் ஜெபிக்கேன். அந்தப் பிள்ளைக்கு நின்ன மாதிரி என் பிள்ளைக்கும் நின்னுட்டுன்னு முன்கூட்டியே ஸ்தோத்திரம் சொல்லிட்டேன். இன்னைக்குப் பந்தல்ல உனக்கு அடுத்தாப்ல நான் எந்திரிச்சு சாட்சி சொல்லப் போறேன்.’ அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். பெனிட்டாவுக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்து வலிப்பு. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, தேனில் குழைத்து, மூக்கைப் பிடித்து, அழவிட்டு, நாலு வருஷம் சித்தி ஒரு வேளை தவறவிட்டதில்லை. வலிப்பு மாத்திரையை மட்டும் சட்டென்று நிறுத்தவே கூடாது என்று இங்கே குழந்தைகள் வார்டில் நர்ஸ் ஒவ்வொரு தாய்க்கும் விரலை ஆட்டிச் சொல்லுவாள். நிறுத்தினால் சில நாள் ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும், அப்புறம் ஒன்றுமேல் ஒன்றாக வரும், நிற்காது என்பாள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ‘என்ன ஆச்சு, முகம் இப்படி வெளுத்திருக்கு?’ என்று லல்ரின் கேட்டாள். ஊர் ஞாபகம் என்றேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியுமா. மாத்திரையைக் கொடுங்க என்று எழுதினேனே தவிர, ஏன் கொடுக்க வேண்டும் என்று எழுதினேனா? இல்லை. அம்மாவுக்கு அடித்துச் சொல்லியிருக்கலாம், ஓடிப்போய்ப் பார் என்றிருக்கலாம். ஏன் என்று அவள் கேட்பாளே. கேட்டால் சொல்ல வேண்டுமே. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து ஒரு பிள்ளையின் உயிரைக் கடலுக்கு மேலே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

முன்கூட்டிய ஸ்தோத்திரம் எங்கள் வீட்டு வழக்கம், சித்தியோ நானோ கண்டுபிடித்ததல்ல. ஒன்றைக் கேட்டு ஜெபித்தால் அது கிடைத்துவிட்டதாகவே நினைத்து அப்போதே நன்றி சொல்லிவிட வேண்டும், காத்திருந்து பார்த்து அப்புறம் நன்றி சொல்லுவது அவிசுவாசிகள் செய்கிற காரியம் என்று அம்மா சொல்லுவாள். நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய அன்றைக்கே, ரிசல்ட் வர இரண்டு மாதம் இருக்கும்போதே, மாதர் கூட்டத்தில் எழுந்து, என் மகளை முதல் வகுப்பில் தேறச் செய்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டாள். அந்த இரண்டு மாதமும் எனக்கு வயிற்றுப்போக்கு. வீட்டுக்குப் பின்னால் போர் போடுவதற்கு முந்தின நாளே நல்ல தண்ணீர் தந்ததற்கு நன்றி சொல்லி எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள், வந்தது வாயில் வைக்க முடியாத உப்பு. துணி துவைக்கத் தந்தாரே என்று அதற்கும் ஒரு ஸ்தோத்திரம். நாங்கள் சிரிப்போம், அப்பா சாப்பிடும்போது கேலி பண்ணுவார், ஆனால் சிரித்துக்கொண்டே எனக்கும் அது ரத்தத்தில் ஊறிவிட்டது. அது பொய்யென்று ஒருநாளும் தோன்றியதில்லை, இப்போதும் முழுக்கத் தோன்றவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. ஜெபக் கடிதம் என்று மாதம் ஒன்று ஊருக்கு எழுத வேண்டும், என்னை அனுப்பியவர்கள் என்ன ஜெபிக்க வேண்டும், எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று. கல்லூரி மிஷன் செமஸ்டருக்குக் கொடுத்த கடைசி அறிக்கைத் தாளிலும் அதே மாதிரி ரெண்டு தலைப்பு, நோக்கம், நன்றி. நோக்கத்தில் நாலு வரி எழுதினேன். நன்றியில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன், ஏரி, மீன், வார்டில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது, கை கழுவச் சொல்லிக்கொடுத்தது, எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்த பெண்கள். எல்லாம் உண்மைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் சோற்றையாவது உண்மையாகத்தானே போட வேண்டும்.

அபூசா எழுந்து அறிவிப்புகளைப் படிக்கிறார். அபூசா என்றால் இங்கே ஐயர். நல்ல உயரம், சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா. அவர் குரலுக்கு நடுவே ஜன்னல் வழியாக ஆஸ்பத்திரியின் தகரக் கூரை தெரிகிறது, குழந்தைகள் வார்டு இந்தப் பக்கத்திலிருந்து இரண்டாவது. அங்கே வலது ஓரக் கட்டிலில்தான் தியாமிகே கிடந்தாள். மலேரியா தலைக்கு ஏறிக் காய்ச்சலோடு வலிப்பு. கொண்டுவந்த அன்று மூன்று தடவை வந்தது, கண் மேலே செருகி, வலது கை மட்டும் யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. எனக்குப் பெனிட்டா ஞாபகம். ரெண்டு நாள் அவள் தாய் எஸ்னாத்தோடு கட்டிலுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தேன். ரெண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ், அதனால் அதிகம் பேசவில்லை, அவள் துணியை நனைத்துத் தருவாள், நான் பிள்ளையின் காலைத் துடைப்பேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, கண்ணைத் திறந்து, சோளக் கஞ்சி ரெண்டு கரண்டி குடித்து, என் வளையலைப் பிடித்து இழுத்தாள். இழுத்தாள், நிஜமாகவே இழுத்தாள், அது பொய்யில்லை. நான் எஸ்னாத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, உன் பிள்ளை பிழைத்துவிட்டாள், எனக்குத் தெரியும், கடவுள் எனக்குக் காட்டிவிட்டார் என்றேன். யார் என்னைச் சொல்லச் சொன்னது? அறைக்கு வந்து அன்று சாயங்காலமே ஜெபக் கடிதத்தில் எழுதினேன். வலிப்பு முற்றிலும் நின்றது, மருத்துவர்களே ஆச்சரியப்பட்டார்கள், தியாமிகே தாயோடு நடந்து வீட்டுக்குப் போனாள். நடந்து போவாள் என்று எழுதியிருக்கலாம். அதுதான் சொல்கிறேனே, வழக்கம், முன்கூட்டியே எழுதினால்தான் விசுவாசம். டாக்டர் ஆச்சரியப்படவில்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். ஐந்தாம் நாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வார்டிலிருந்து சத்தம் கேட்டது. இங்கே அழுகை ஒரு பெண்ணிடம் ஆரம்பித்து வராந்தா முழுக்கப் பரவும், எங்கள் ஊர் மாதிரியேதான். அது யாருடைய பிள்ளை என்று எனக்குப் போகாமலே தெரிந்துவிட்டது, அதனால் போகவில்லை, வாயில் நுரையோடு குழாயடியிலேயே நின்றேன்.

அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். கடிதம் போய் ரெண்டே நாள், ஒரு வரி போதும். ஆனால் அதற்குள் ஐயர் அதைப் பிரதி எடுத்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டார், அம்மா போனில் அழுதாள், உன்னைப் பெத்ததுக்கு இதுபோதும் என்றாள். அடுத்த மாதக் கடிதத்தில் திருத்திவிடலாம் என்றிருந்தேன். அடுத்த மாதம் மழையைப் பற்றி எழுதினேன். தியாமிகே எப்படி இருக்கா என்று சித்தி கேட்டதற்கு, கர்த்தர் கையில் பத்திரமா இருக்கா என்று பதில் போட்டேன். போட்டுவிட்டுப் படுத்தபோது எனக்கே என்னைப் பார்த்துப் பயம் வந்தது, இவ்வளவு சாமர்த்தியமாக என்னால் எழுத முடிகிறதே, நாளைக்கு இதுவே ஊழியமாகி, ஊர் ஊராகப் போய், மேடை மேடையாக இப்படியே பேசிப் பழகிவிடுவேனோ. நரகம் பற்றிச் சின்ன வயதில் பயந்ததெல்லாம் தீயையும் புழுவையும் நினைத்துத்தான். இப்போது அது நன்றாகத் தலை வாரி, மைக் பிடித்து, ஸ்தோத்திரம் என்று ஆரம்பிக்கிற ஒரு பெண்ணாகத் தெரிகிறது.

லல்ரின் எழுந்து போய்விட்டாள், கவனிக்கவே இல்லை. ஏதோ சொல்லுகிறாள், சபை சிரிக்கிறது, பெண்கள் குலவை போடுகிறார்கள். நாலாவது மாதத்தில் சோளக்களி பிசையக் கற்றுக்கொண்டேன், களி கல்லாகிப் போச்சு, அதை வைத்து ஜன்னல் கதவை நிறுத்தினோம் என்கிறாள். உண்மைதான், நிறுத்தினோம். இவளுக்குச் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை, அதுதான் எவ்வளவு பாக்கியம். திரும்பிப் பார்க்கக் கூடாது, மூன்றாவது வரிசையில் எஸ்னாத் இருக்கிறாள், மாதர் சங்கத்து வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளைத் துணி. நுழையும்போதே பார்த்துவிட்டேன், அவளும் பார்த்தாள், கண்ணை எடுக்கவே இல்லை. இந்தச் சபையில் ஒரு பழக்கம் உண்டு. ஆராதனை முடிந்ததும் அபூசா முதலில் வெளியே போய் மரத்தடியில் நிற்பார், அடுத்து வருகிறவர் அவருக்குக் கை கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார், அடுத்தவர் ரெண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு மூன்றாவதாக நிற்பார். இப்படியே வளையம் வளர்ந்து, பாடி முடிக்கும்போது சபையில் ஒவ்வொருவரும் ஒவ்வொருவர் கையையும் ஒருமுறை பிடித்திருப்பார்கள். ஒருத்தரையும் ஏமாற்றிவிட்டுப் போக முடியாது. முதல் வாரம் இதைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கியது, ஜெபக் கடிதத்தில் அரைப் பக்கம் எழுதினேன். தியாமிகே போன பிறகு ஏழு ஞாயிறு, ஏழு ஞாயிறும் பக்கத்து வாசல் வழியாகக் கழிப்பறைக்குப் போகிற மாதிரி நழுவி விடுதிக்குப் போய்விட்டேன். ஆஸ்பத்திரியிலும் அவள் வருகிற நாள் தெரிந்தால் துணி காயப்போடுகிற கொடிப் பக்கமாகச் சுற்றிப் போவேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் போதும். கடவுள் காட்டிவிட்டார் என்று சொன்னவள் நான். அந்தக் கையை எப்படிப் பிடிப்பது, பிடித்தால் என்ன கேட்பாள், சபை நடுவில் என் முகத்தில் துப்பினால்கூட நான் என்ன சொல்ல முடியும். இன்றைக்கு நழுவ முடியாது. பிரிவு உபசாரம் எங்களுக்குத்தான், அபூசாவுக்குப் பக்கத்தில் முதல் ஆளாக நிற்க வேண்டியவள் நான்.

தொடையில் போன் அதிர்கிறது. சித்தி. நீல டிக் ரெண்டு, அதற்குக் கீழே பதில். ‘ஏ பிள்ளே, நீயே இப்படி அவிசுவாசமாப் பேசலாமா? சாத்தான் உன் வாய் வழியாப் பேசுகான்னு நெனச்சிக்கிடுதேன். பெனிட்டா நல்லா இருக்கா. பந்தல்ல ஓடி ஆடிட்டுத் திரியுதா. உன் மொகத்தப் பாக்கத்தான் உக்காந்திருக்கோம்.’ ஓடி ஆடிட்டு. ஓடாதே பெனி, உட்கார், யாராவது அவளை உட்காரவையுங்களேன், அசனத்துக்கு அடுப்பு மூட்டியிருப்பார்களே, பெரிய பெரிய அண்டா, குழம்பு கொதிக்கும், அந்தப் பக்கம் ஓடாதே. சாத்தான் என் வாய் வழியாகப் பேசுகிறான், சரியாகத்தான் சொல்கிறாள், அவன் பேசின நாளைத்தான் தப்பாகச் சொல்கிறாள். இதற்கு மேல் எழுதிப் பிரயோஜனம் இல்லை. எழுத்தில் நான் கெட்டிக்காரி, எழுத விட்டால் இதையும் எப்படியாவது நன்றாக எழுதிவிடுவேன். கைதட்டல். லல்ரின் வந்து உட்கார்ந்து, ‘உன் முறை’ என்று என்னை இடிக்கிறாள். அபூசா என் பெயரைச் சொல்கிறார், இங்கே எல்லோரும் சொல்கிற மாதிரி கடைசியில் ஒரு இகரம் சேர்த்து, ஜெர்லினி. பீடத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூல் மேல் ஆஸ்பத்திரிக்காரர்களின் போனைச் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். நடக்கிறேன். பன்னிரண்டு அடி இருக்குமா. ஒவ்வொரு அடிக்கும் இன்னும் சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி தோன்றுகிறது, பிள்ளைக்குச் சளி, வரமுடியவில்லை என்று சொல்லலாம், நெட் சரியில்லை என்று துண்டித்துவிடலாம், வேறு யாருடைய பிள்ளையையாவது தூக்கிக் காட்டினால்கூட அங்கே யாருக்கும் தெரியாது. அதோ ரெண்டாவது வரிசையில் ஒரு பிள்ளை, நாலு வயதுதான் இருக்கும். ஐயோ, நினைத்தேனே, நான் அதை நினைத்தேனே.

திரையில் பந்தல். வெள்ளை வேட்டித் திரையில் என் முகம் பெரிதாகத் தெரிகிறதுபோல, ‘ஏ, ஜெர்லினுடி’ என்று யாரோ கத்துகிறார்கள். ஐயர் போனுக்கு ரொம்பக் கிட்டத்தில் மூக்கும் கண்ணாடியுமாக, ‘ஸ்தோத்திரம்மா, ஸ்தோத்திரம், கேக்குதா? எங்கம்மா நம்ம பிள்ள? காட்டும்மா’ என்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் சித்தி, நீலப் புடவை, எழுந்து நிற்கத் தயாராக நாற்காலி நுனியில். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு பெனிட்டா, ரெட்டைச் சடை. உயிரோடு. ‘ஐயா, அந்தப் பிள்ள இல்ல’ என்றேன். ‘வரலையா?’ ‘செத்துப்போச்சு ஐயா. தியாமிகே செத்துட்டா. நான் கடிதம் எழுதின மூணாம் நாளே செத்துட்டா. அவளுக்கு வலிப்பு நிக்கல. வீட்டுக்கு நடந்து போகல. நான் முன்கூட்டியே எழுதிட்டேன், அப்புறம் சொல்லல. சித்தி, ரூபி சித்தி, கேக்குதா? பெனிட்டாவுக்கு மாத்திரை கொடுங்க. நான் எழுதினது எதுவும் நடக்கல சித்தி. என் கடிதத்தக் கிழிச்சுப் போடுங்க. மாத்திரையக் கொடுங்க.’ ஐயரின் வாய் திறந்தபடியே நின்றது. அவர் திகைத்து நிற்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு பின்னால் பறந்த தோரணமும் பாதியில் நிற்பதைப் பார்த்தேன், சித்தி பாதி எழுந்த நிலையில், பெனிட்டாவின் ஒரு சடை காற்றில். படம் உறைந்துவிட்டது. எப்போது உறைந்தது? எதுவரை கேட்டது? செத்துட்டா என்பதா, மாத்திரை என்பதா, அதற்கும் முன்னாலேயா? ஒரு பையில்லாத அஞ்சல்காரன் மாதிரி வெறுங்கையோடு நிற்கிறேன். போனைத் தட்டினேன், மறுபடி கூப்பிடச் சொன்னேன், சுற்றிக்கொண்டே இருந்தது. இந்தச் சபையாருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என் பேச்சில் ரெண்டு தடவை தியாமிகே என்ற பெயர் வந்தது எல்லோருக்கும் கேட்டிருக்கும். நாம் நன்றி சொல்லுவோம் என்று அர்த்தமாம் அந்தப் பெயருக்கு, எஸ்னாத் முதல் நாள் சொன்னாள். அபூசா குனிந்து, ‘எங்களுக்கும் சொல்கிறாயா?’ என்று இங்கிலீஷில் கேட்டார். மறுபடியுமா. ஒரு தடவை சொன்னால் போதாதா. போதாதுதான். இங்கிலீஷில் சொன்னேன், நான் கொடுத்த வாக்கு, எழுதின பொய், அடக்கத்துக்கு வராமல் ஒளிந்தது, ஏழு ஞாயிறு பக்கத்து வாசல். வாக்கியம் வாக்கியமாக அவர் தங்கள் பாஷையில் திருப்பிச் சொன்னார், ஒவ்வொன்றையும் நான் சொல்லி, அவர் சொல்லி, ரெண்டு ரெண்டு தடவையாகக் கேட்க வேண்டியிருந்தது. குலவை இல்லை. மூன்றாவது வரிசையை நான் பார்க்கவில்லை.

வெளியே வெயில். மரத்தடியில் அபூசா, அடுத்து நான், என் பக்கத்தில் லல்ரின். பாட்டு ஆரம்பித்து ஒவ்வொருவராக வருகிறார்கள், இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு மரியாதையாகக் கை கொடுக்கிறார்கள், சிலர் கண்ணைப் பார்க்காமல், ஒரு கிழவர் தலையை ஆட்டிக்கொண்டே. போன் இடுப்பில் சுற்றியிருக்கும் துணி மடிப்புக்குள் சும்மா கிடக்கிறது, அது அதிரவில்லை, அதிர்ந்த மாதிரி ரெண்டு தடவை ஏமாந்தேன். அந்த நேரம் பெனிட்டா என்ன செய்கிறாள் என்ற ஒரே நினைப்பு, கை தன்பாட்டுக்கு நீளுகிறது, குலுக்குகிறது. அப்புறம் ஒரு கை போகாமல் நின்றது. எஸ்னாத். என் கையைப் பிடித்தவள் விடவில்லை. பின்னால் வரிசை முட்டி நின்றது, பாட்டு மட்டும் ஓடுகிறது. ‘நீ வரவில்லை’ என்றாள் தன் இங்கிலீஷில். ‘எனக்குத் தெரியும். நான் சொன்னது பொய்யாகிவிட்டது, அதனால்...’ ‘அதை விடு. டாக்டரும்தான் தப்பாகச் சொல்லுவார். நீ வரவில்லை. மூன்று நாள் துக்கத்துக்குப் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாப் பெண்களும் வந்து கூட உட்கார்ந்தார்கள். என் பிள்ளை காலைத் துடைத்தவள் நீ, நீ வருவாய் என்று பக்கத்தில் இடம் விட்டு வைத்திருந்தேன். ஏன் வரவில்லை?’ ‘பயம்’ என்றேன். ‘யாருக்கு?’ ‘உங்களுக்கு.’ ‘எனக்கா?’ என்றாள், நம்பாதவளாக, என் கையை இன்னும் இறுக்கி. ஏழு வாரம் நான் பயந்தது ஒரு கோபத்துக்கு, அவளுக்கு இருந்ததோ வேறு கோபம். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன், முடியவில்லை.

அப்போது போன் அதிர்ந்தது, நிஜமாகவே. வலது கை அவளிடம். அவளும் என் இடுப்பைப் பார்த்து, ‘பார்’ என்றாள், ஆனால் கையை விடவில்லை. இடது கையால் எடுத்தேன். சித்தியின் குரல் செய்தி, பதினான்கு விநாடி. தொடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தப் பதினான்கு விநாடிக்குள் எது வேண்டுமானாலும் இருக்கலாம், அழுகை இருக்கலாம், வராந்தா முழுக்கப் பரவுகிற அந்தச் சத்தம் இருக்கலாம், இப்போதே ஸ்தோத்திரம் சொல்லிவிட்டால் என்ன என்று வாய் தன்பாட்டுக்குத் துடித்தது, பழக்கம் அப்படி. உதட்டைக் கடித்துக்கொண்டு தொட்டேன். பந்தல் இரைச்சல் இல்லை, வீட்டுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. ‘கொடுத்துட்டேன். முழுங்கிட்டா. உங்க அம்மைதான் ஓடி வந்து மூக்கப் பிடிச்சா.’ தூரத்தில் பெனிட்டா, ‘ஜெர்லின் அக்காவாம்மா?’ என்று கேட்பது கேட்டது. பிறகு சித்தி மெல்ல, ‘இனிமே எனக்கு ஒண்ணும் எழுதாத பிள்ளே’ என்றாள். அவ்வளவுதான். வலித்தது, நன்றாகவே வலித்தது, வலிக்கட்டும். எஸ்னாத் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், பாஷை புரியாவிட்டாலும் பிள்ளைக் குரல் புரியுமே. ‘யார் அது?’ ‘எங்கள் வீட்டுப் பிள்ளை. அதே வியாதி.’ ‘உயிரோடு இருக்கிறாளா?’ ‘இருக்கிறாள்’ என்றேன். சொன்ன பிறகுதான் ஸ்தோத்திரம் என்ற வார்த்தை வந்தது, சத்தமில்லாமல், பயந்து பயந்து, ஒரே ஒரு தடவை. இன்றைக்கு ராத்திரி மாத்திரையும் போக வேண்டும், நாளைக்கும் போக வேண்டும், பதினோரு நாள் விட்டதற்கு என்ன வரப்போகிறதோ யாருக்குத் தெரியும், அதற்கெல்லாம் இப்போது சொல்லவில்லை. பின்னால் நின்ற பெண் மெல்ல எஸ்னாத்தின் முதுகைத் தொட்டாள். எஸ்னாத் நகராமல், ‘உங்கள் பஸ் எத்தனை மணிக்கு?’ என்று கேட்டாள். ‘இரண்டு மணிக்கு.’ திரும்பி வெயிலைப் பார்த்தாள், பிறகு என் கையை விட்டுவிட்டு லல்ரினிடம் நகர்ந்துகொண்டே சொன்னாள். ‘அப்படியென்றால் உட்கார நேரம் இருக்கிறது. வா.’